சோர்வும் சோம்பலும்: வைரஸ் நோய்க்குப் பிந்தைய களைப்பும் பௌத்தத்தின் முயற்சி நெறியும்

வைரஸ் காய்ச்சல் விட்ட பின்னும் சிலருக்கு உடம்பு தேறுவதில்லை. அடித்துப் போட்டாற்போன்ற அசதி மாதக்கணக்கில் நீடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில் எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், பாக்டீரியாவால் வரும் கியூ காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்றுக்கு ஆளான 253 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-இல் வெளியானது. அவர்களில் சுமார் 12 விழுக்காட்டினர் ஆறு மாதம் கழித்தும் முடங்கியே இருந்தனர். கொரோனாவுக்குப் பின் இதே நிலை உலகெங்கும் பேசப்படுகிறது.

இந்தக் களைப்பு ஓய்வெடுத்தால் போய்விடுவதில்லை, உழைத்தால் மிகுகிறது. குளித்துத் தலை துவட்டி, ஒருவரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு அன்று மாலை தெளிவாக இருப்பவர், மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்து உட்காரவே முடியாமல் போகலாம். உழைப்புக்கும் தண்டனைக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விழுவதால், பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை. ‘உடம்பு வணங்கவில்லை’ என்ற பேச்சு எழுகிறது. நாளடைவில் நோயாளிக்கே அந்த ஐயம் வந்துவிடுகிறது: இது நோயா, மனத்தின் சோம்பலா?

முயற்சியை அறமாகப் போற்றும் எந்த நெறிக்கும் இது கடினமான கேள்வி. பௌத்தத்தில் அது கூர்மையாகவே எழுகிறது. வீரியம், அதாவது விடாமுயற்சி, விடுதலைக்கு இன்றியமையாத பண்பு. சோம்பலும் மந்தமும் தியானத்தை மறைக்கும் ஐந்து தடைகளுள் ஒன்று. புத்தரின் உரைத் தொகுப்புகளுள் ஒன்றான அங்குத்தர நிகாயத்தின் ஒரு சுத்தம் (உரை) சோம்பலுக்குச் சொல்லப்படும் எட்டுச் சாக்குகளை அடுக்குகிறது. ‘நோயிலிருந்து இப்போதுதான் எழுந்தேன், உடம்பு நலிந்திருக்கிறது, படுத்துக்கொள்கிறேன்’ என்பதும் அவற்றில் ஒன்று. முயல்பவர் அதே நிலையில் ‘நோய் திரும்பி வருமுன் முயல்வேன்’ என்று எண்ணுவாராம். இதை மட்டும் படிக்கும் நோயாளி தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வார். ஆனால் அந்தச் சுத்தம் பேசுவது சிறு நோயையும் அது நீங்கிய பின் வரும் தேறல் காலத்தையும் பற்றியே. தேறலே வராத உடம்பு அதன் கணக்கில் இல்லை.

அதே நிகாயத்தில் வரும் சோணரின் கதை இன்னும் நெருங்கி வருகிறது. செல்வக் குடியில் பிறந்து துறவியான சோணர், நடைத் தியானத்தில் பாதம் வெடித்துக் குருதி வழியும்வரை நடந்தார். பலன் கிட்டாததால் துறவையே விட்டுவிட எண்ணினார். இல்லறத்தில் அவர் வீணை வாசித்தவர் என்பதால், புத்தர் அவரிடம் நரம்பைப் பற்றிக் கேட்டார். நரம்பு மிக முறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் வீணை பேசாது. முயற்சியும் அப்படியே: மிஞ்சினால் பதற்றம், குறைந்தால் சோம்பல். இங்கே முயற்சி என்பது சுருதி சேர்க்கும் வேலையாகிறது. சுருதி அந்தந்தக் கருவியைப் பொறுத்தது. களைப்பு நோயாளிகள் தமக்குரிய எல்லையை அறிந்து அதற்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதும் இத்தகைய பயிற்சிதான். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல், படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியை இவர்களுக்குப் பரிந்துரைப்பதை 2021-இல் கைவிட்டது. முடிந்தும் செய்யாதிருப்பது சோம்பல். முடியும்போதே அளவோடு நிறுத்திக்கொள்வதற்குப் பெரும் கட்டுப்பாடு வேண்டும்.

அடுத்த கேள்வி, துன்பத்தில் மனத்தின் பங்கு எவ்வளவு என்பது. இன்னொரு தொகுப்பான சம்யுத்த நிகாயம் இரண்டு அம்புகளின் உவமையைச் சொல்கிறது. உடல்வலி முதல் அம்பு. அதையொட்டிய புலம்பலும் எதிர்ப்பும் இரண்டாவது. பயின்றவருக்கு இரண்டாவது அம்பு பாய்வதில்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மனம் தெளிந்தால் களைப்பும் போகும் என்பவர்கள் உண்டு. உவமை அதைச் சொல்லவில்லை. பயின்றவர் உடம்பிலும் முதல் அம்பு தைத்தே இருக்கிறது. அந்த அம்பு முன்வினைப் பயன் என்ற முடிவுக்கும் அதே நிகாயம் இடம் தருவதில்லை. சீவகன் என்ற நாடோடித் துறவிக்குச் சொன்ன பதிலில் புத்தர் பித்தம், கபம், வாதம், பருவமாற்றம் முதலிய எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். வினை அவற்றில் ஒன்று மட்டுமே.

கடைசியாக, யாருக்கும் பயன்படாத நிலையில் கிடப்பவரின் மதிப்பு என்ன? துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் வினய பிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதியில் இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்று உண்டு. வயிற்றுக்கடுப்பு கண்ட பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடந்தார். கவனிக்க ஏன் ஆளில்லை என்று புத்தர் கேட்டபோது, பிறருக்குத் தம்மால் பயனில்லை, அதனால் கவனிப்பதில்லை என்றார் அவர். புத்தர் தண்ணீர் ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். தாய் தந்தை அருகில் இல்லாத பிக்குகள் ஒருவரையொருவர் பேண வேண்டும், புத்தருக்குப் பணிசெய்ய விரும்புபவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்பது அங்கே பிறந்த விதி. பயன் பார்த்துப் பராமரிக்கும் கணக்கை அந்த விதி செல்லாததாக்குகிறது.

அதே பகுதி நோயாளியின் கடமையையும் வரையறுக்கிறது. தனக்கு ஒத்துக்கொள்வதைச் செய்வது, அதிலும் அளவறிவது, மருந்தை உட்கொள்வது, நோய் கூடுகிறதா குறைகிறதா அப்படியே நிற்கிறதா என்பதைப் பேணுபவரிடம் உள்ளபடி சொல்வது, வலியைப் பொறுப்பது என ஐந்து. எழுந்து நடப்பது இந்தப் பட்டியலில் இல்லை. ஐந்தையும் படுத்தபடியே செய்யலாம்.