கலிங்கத்தில் எழுதப்படாத மனஸ்தாபம்



பூர்வ காலத்தில் ஒரே வருஷத்தில் நடந்த ஒரு காரியத்தை இன்று தியானிப்போம். கி.மு. 261 வாக்கில், அசோக ராஜன் முடிசூடி எட்டு வருஷமானபோது, கலிங்க நாட்டின்மேல் படையெடுத்தான். 1,00,000 பேர் வெட்டுண்டனர். 1,50,000 பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டனர். பன்மடங்கு ஜனங்கள் பின்னும் மடிந்தனர். இக்கணக்கைச் சொன்னவன் பகைவன் அல்லன். அசோகனே தன் 13-ஆம் பாறைச் சாசனத்தில் இதைச் சொல்லி, மனம் வருந்துவதாக எழுதுவித்தான். சுவிசேஷம் கேட்டிராத அவன், தன் குற்றத்தைத் தானே கல்லில் வெட்டுவித்தது சாமானிய காரியமா?

அவன் நமக்கு முற்றும் அந்நியனும் அல்லன். அவனது 2-ஆம் சாசனம் சோழ, பாண்டியரோடு சத்தியபுத்திரரையும் குறிக்கிறது. அது அதியமானின் பட்டமென்று, திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த கல்வெட்டு காட்டிற்று.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த 13-ஆம் சாசனம் வடமேற்கே ஷாபாஸ்கடியில் உண்டு. மேற்கே கிர்நாரில் உண்டு. தெற்கே எர்ரகுடியில் உண்டு. கலிங்கத்துத் தௌலி, ஜௌகட பாறைகளிலோ இல்லை! அங்கே வேறு புத்திமதிகள் எழுதப்பட்டன. சிறைபட்டவர் வீடு திரும்பினதாகச் சாசனத்தில் ஒரு சொல்லும் இல்லை. காட்டில் வாழ்ந்த ஜனங்களுக்கோ, வருந்தினாலும் தண்டிக்க வல்லமை உண்டென்ற எச்சரிக்கைதான் கிடைத்தது.

ராஜாவை விட்டு, நம் வீட்டைப் பார்ப்போம். தம்பியின் வரப்பை அரையடி தள்ளி உழுதவன் கோவிலில் முழந்தாளிட்டு அழுகிறான். தம்பியின் வாசலை மட்டும் மிதிப்பதில்லை. புளிக்கு எடை குறைத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். குறைத்த காசு அவன் மடியிலேயே இருக்கிறது. மனைவியைச் சொல்லால் புண்படுத்தினவன் சாமியாரிடம் சொல்லுகிறான், அவளிடம் சொல்வதில்லை.

நமதாண்டவர் கற்பித்ததென்ன? பீடத்தண்டை நிற்கையில் சகோதரனுடைய மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் அவனிடம் போகச் சொன்னார். சக்கேயு அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாக வாக்களித்தான். அவன் வீட்டுக்கு இரட்சணியம் வந்தது. திருப்பிக் கொடுக்க இயன்றும் மனதில்லாதவனுடைய மனஸ்தாபம் மெய்யான மனஸ்தாபமல்ல என்பதே திருச்சபையின் போதகம்.

ஆகையால் பிரியமானவர்களே, உங்கள் கலிங்கம் எந்த வீடு என்று உங்கள் மனச்சாட்சிக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு பூசைக்கு வருமுன் அந்த வாசலை ஏறுங்கள். எடுத்ததைக் கையில் கொண்டு போங்கள். சமாதானத்தின் ஆண்டவர் உங்களோடு வழிநடப்பார். ஆமென்.