சூடு இருக்கும்போதே

சின்ன வயதில் மீன் சந்தையில் ஒரு காட்சி எனக்குப் புரியவே இல்லை. ஐஸ் பாளத்தின் மேல் மரத்தூளைக் கொட்டி, கனத்த சாக்கைப் போர்த்தி வைத்திருப்பார்கள். போர்த்தினால் சூடேறி உருகிவிடாதா? உருகவில்லை. போர்வைக்கென்று சொந்தச் சூடு கிடையாது. உள்ளே இருப்பதை உள்ளேயும், வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்தது.

கம்பளித் தொப்பியும் அந்தச் சாக்கின் உறவுதான். ஆட்டு ரோமம் இயல்பிலேயே சுருண்டது. சுருள்களுக்கிடையே சிக்கிய காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தலையின் சூடு தலையிலேயே தங்குகிறது. “என்ன கதகதப்பான தொப்பி!” என்கிறோம். கதகதப்பு நம்முடையது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, காற்று ஓயாத ஷெட்லாந்து தீவுகளில் சாயமிடாத கம்பளியிலும் தொப்பி பின்னுகிறார்கள். ஆட்டின் மேல் இருந்த நிறமே தொப்பியின் நிறம். செம்பழுப்பு என்றால் மூரிட். மங்கிய தேன் நிறம் மியோகெட். உறைபனி படிந்தது போன்ற கருஞ்சாம்பல் ஷேலா. இப்படி முதன்மையான நிறங்கள் மட்டுமே 11. உடலில் உள்ள புள்ளி, பட்டைகளுக்குத் தனியாக 30 பெயர்கள். ஆனால் ஆலைகள் கேட்டது வெள்ளைக் கம்பளியை. எந்தச் சாயமும் அதில்தான் எடுப்பாக ஏறும். வெள்ளைக்கு விலை ஏற, மற்ற நிற ஆடுகள் மந்தைகளில் அருகின. அப்படியும் சிலர் அவற்றை விடாமல் வளர்த்ததால்தான் இன்றும் மூரிட் நிறத்தில் ஒரு தொப்பி கிடைக்கிறது.

அதே தீவுகளில், கன்னிஸ்டர் என்ற இடத்துக்கு அருகே, 1951 மே மாதம், எரிபொருளுக்காகச் சதுப்புக் கரிமண் வெட்டியவர்கள் ஒரு மனிதரைக் கண்டெடுத்தார்கள். மனிதர் என்று சொல்ல அங்கே மிஞ்சியது கொஞ்சம் முடி, நகம், எலும்புத் துணுக்கு. மண்ணின் அமிலம் உடலைக் கரைத்துவிட்டுக் கம்பளியை விட்டுவைத்திருந்தது. மேலங்கி, காலுறை, கையுறை எல்லாம் அப்படியே இருந்தன. பின்னிய தொப்பிகள் இரண்டு. பணப்பையில் மூன்று நாணயங்கள். கடைசி நாணயத்தின் ஆண்டு 1690. குளிரில் வழியிலேயே விழுந்து இறந்திருக்கலாம் என்பது ஊகம்.

அந்தத் தொப்பியை நினைத்தால் மனம் கொஞ்சம் நின்றுவிடுகிறது. அது தன் வேலையில் குறை வைத்திருக்காது. இழை பிரியாமல் இரண்டரை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. ஆனால் தலையில் சூடு தீர்ந்த பிறகு, ஒன்றல்ல, இரண்டு தொப்பி இருந்தும் செய்ய ஒன்றுமில்லை.

நம்மைச் சுற்றி இருப்பவர்களிடமும் நாம் பெரும்பாலும் ஆலைக்காரர் போலத்தான் நடந்துகொள்கிறோம். நமக்குப் பிடித்த சாயம் ஏற வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். ஏறாவிட்டால் வருத்தம். அவர்களுடைய நிறத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதே மறந்துவிடுகிறது. ஒருவருக்கு நாம் ஊட்டிவிடக்கூடிய சூடு என்று எதுவும் இல்லை. அவரிடம் இருக்கும் சூடு காற்றோடு போகாமல் சுற்றி நிற்கலாம், அவ்வளவுதான். அதற்கும் காலம் உண்டு. சூடு இருக்கும்போதே போர்த்த வேண்டும்.