விருந்தினரின் விருப்பமும் விடுதியின் கடமையும்

சென்னையிலிருந்து சாலை வழியாகத் திருப்பதிக்குச் செல்வோர் நகரியைக் கடந்த சிறிது நேரத்தில் புத்தூரை அடைகின்றனர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட ஊர் அது. தெலுங்கும் தமிழும் அங்கு ஒரே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளும். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடும் மரபினால் அவ்வூரின் பெயர் தென்னாடு முழுவதும் பரவியிருக்கிறது. 'புத்தூர் கட்டு' என்னும் பெயர்ப்பலகையைச் சென்னைத் தெருக்களிலும் காணலாம். மூலிகைச் சாறு, முட்டையின் வெண்கரு, துணி, மூங்கில் பத்தை ஆகியவையே அக்கட்டுக்கு வேண்டிய பொருள்கள். அம்முறையின் மருத்துவத் தகுதியை ஆராய்வது மருத்துவர்களின் வேலை. அதிலுள்ள ஓர் எளிய செய்தி மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பொருள்கள் எல்லோருக்கும் ஒன்றே. கட்டு எல்லோருக்கும் ஒன்றன்று. குழந்தையின் முழங்கைக்கு வைக்கும் பத்தை முதியவரின் காலுக்கு ஆகாது. முறிந்த இடத்தை விரலால் தடவி அறிந்த பிறகே கட்டுபவரின் கை துணியை எடுக்கிறது.

அதே சாலையின் இரு முனைகளிலும் இன்று வேறொரு வகை உடற்பேணல் பெருகியுள்ளது. பெரிய விடுதிகளில் 'ஸ்பா' என்ற பெயரில் எண்ணெய்த் தேய்ப்பு, நீராவிக் குளியல், முகப்பூச்சு, மதிய உணவு எல்லாவற்றையும் சேர்த்து, காலை முதல் மாலை வரை ஒரு நாள் தொகுப்பாக விற்கின்றனர். இன்னின்னது இத்தனை நிமிடம், மொத்த விலை இவ்வளவு என்று முன்கூட்டியே அச்சிட்டுவிடுகின்றனர். இத்தகைய தொகுப்பைப் பெற வருபவர், அச்சிட்டதில் இல்லாத ஒன்றைக் கேட்டால் விடுதி என்ன செய்ய வேண்டும்?

மேலோட்டமாகப் பார்த்தால் இது வணிகக் கேள்வி. ஆன்மிக இதழில் இதற்கு என்ன இடம் என்று தோன்றலாம். ஆனால் மலை ஏறி இறங்கிய களைப்போடு ஒரு மூதாட்டி மகளுடன் அங்கு வருவதாக எண்ணிப் பார்க்கலாம். முழங்கால் வலி அவரை வாட்டுகிறது. குப்புறப் படுக்க அவரால் இயலாது. நாற்காலியில் அமர்ந்தபடியே தோளையும் காலையும் தேய்த்துவிட முடியுமா என்று கேட்கிறார். "தொகுப்பில் அப்படி இல்லை அம்மா" என்று பதில் வருகிறது. சொன்னவர் கெட்டவர் அல்லர். அவருக்குக் கொடுக்கப்பட்ட தாளில் உண்மையிலேயே அப்படி இல்லை. ஒரு மனிதரைவிட ஒரு தாள் மேலானதாகிவிட்ட அந்தக் கணத்தில் கேள்வி வணிகத்தைக் கடந்துவிடுகிறது.

விடுதியின் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். தொகுப்பின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதுதான். ஒருவர் அரைமணி கூடுதலாக எடுத்துக்கொண்டால் அடுத்தவரின் அரைமணி குறைகிறது. ஒருவருக்கு இணங்கினால் நாளை பத்துப் பேர் கேட்பர். வீடு வேறு, விடுதி வேறு. வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் விருந்தோம்பலுக்கு ஒதுக்கியது இல்லறத்தாரை நோக்கியே. காசு வாங்கிக்கொண்டு கட்டில் தருபவரிடம் அந்த அறத்தை எதிர்பார்ப்பது பொருந்துமா என்று கேட்பவர் உண்டு. இவை தள்ளிவிடத்தக்க வாதங்கள் அல்ல. கடைசி வாதம் மட்டும் சற்று வலுவற்றது. காசு வாங்கிக்கொள்பவருக்கு அறம் குறைந்துவிடும் என்றால் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும்கூட அது குறைந்தாக வேண்டும்.

இந்த எண்ணெய்த் தேய்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சற்று நோக்கலாம். விடுதிகள் தமது விளம்பரங்களில் பெருமையோடு சொல்லிக்கொள்வது ஆயுர்வேதத்தின் பெயரைத்தான். அந்த ஆயுர்வேதமோ ஆளைப் பாராமல் சிகிச்சை செய்வதை ஏற்பதே இல்லை. உடலின் இயல்பு, வலிமை, வயது, பருவகாலம், செரிமானம் இவற்றையெல்லாம் கண்ட பிறகே மருத்துவர் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கிறார். நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக்கொள்வதைப் புகழ்ந்து பேசும் அஷ்டாங்க ஹிருதயமே, கபம் மிகுந்தவரும், அப்போதுதான் வாந்தி பேதி முதலிய சுத்திகரிப்பு முடித்தவரும், உணவு செரியாதவரும் அதைத் தவிர்க்க வேண்டும் என விதிக்கிறது. அம்மரபில் அனைவருக்கும் ஒரே தொகுப்பு என்பதே விதிவிலக்கு. ஆளுக்கேற்ற மாற்றமே விதி. விதிவிலக்கை விதியாக்கிவிட்டு, பழைய விதியைக் கேட்பவரை 'சிறப்பு வேண்டுகோள் வைப்பவர்' என்று அழைப்பது சற்று வேடிக்கையானது. அதே மரபின்படி, மூதாட்டிக்கு நாற்காலியில் தேய்த்துவிடுவதும், காய்ச்சலோடு வந்து எண்ணெய் வேண்டும் என்று வற்புறுத்துபவருக்கு மறுப்பதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள்.

ஆயினும் கேட்பவை எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நடைமுறை இவ்விடத்தில் நல்ல வெளிச்சம் தருகிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டு பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய நிலையம் அது. காசு கொடுத்துச் சிகிச்சை பெறுபவரும் கொடாமல் பெறுபவரும் அங்கு உண்டு. காசு கொடுப்பவர் தனியறை கேட்கலாம், குளிரூட்டிய அறையும் கேட்கலாம். அவற்றுக்குரிய கட்டணத்தைச் செலுத்தினால் கிடைக்கும். இலவசப் பிரிவில் வந்தவருக்குப் பாய் கிடைக்கும். கண்ணைத் திறந்து செய்யும் சிகிச்சையில் மட்டும் இந்த வேறுபாடு நுழைவதில்லை. அதே மருத்துவர்களே முறைவைத்து இரு தரப்பினருக்கும் அறுவை செய்கின்றனர். வசதியில் வேறுபாடு இருக்கலாம், பணியின் உயிர்நிலையில் இருக்கக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். இன்னொன்றும் நினைக்கத்தக்கது. இளமையிலேயே கடுமையான மூட்டுவாதத்தால் டாக்டர் வெங்கடசாமியின் விரல்கள் கோணிப்போயின. அந்தக் கைக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டே அவர் ஆயிரக்கணக்கானோருக்குக் கண் அறுவை செய்தார். கருவி மனிதருக்காக வளைந்திராவிட்டால் அத்தனை கண்களுக்கு ஒளி கிடைத்திராது.

இதை விடுதிக்குப் பொருத்திப் பார்த்தால் வேண்டுகோள்கள் தாமே பிரிந்து நிற்கின்றன. நல்லெண்ணெய் தோலுக்கு ஒவ்வாது, வேறு எண்ணெய் வேண்டும் என்பது உடலின் குரல். மதிய உணவில் வெங்காயம் பூண்டு வேண்டாம் என்பது, ஏகாதசியானதால் பழம் மட்டும் போதும் என்பது நெறியின் குரல். பெண்ணுக்குப் பெண்ணே தேய்த்துவிட வேண்டும் என்பது மானத்தின் குரல். இவற்றை ஏற்பது சலுகை அன்று. ஏற்காவிடில் அத்தொகுப்பு அவர்களைப் பொறுத்தவரை விற்கப்படவே இல்லை என்றுதான் பொருள். பன்னீர்ப் பூக்கள் மிதக்கும் தொட்டியும் சன்னலோர அறையும் கேட்பது ஆசையின் குரல். அதில் தவறொன்றும் இல்லை. அதற்குரிய விலையைக் கேட்டுப் பெறுவதிலும் தவறில்லை. வரிசையில் காத்திருப்பவரை நிறுத்திவிட்டுத் தம்மை முதலில் கவனிக்க வேண்டும் என்பதும், அன்று முழுவதும் வேறு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று பதவியைக் காட்டிக் கேட்பதும் இவற்றுள் சேராதவை. அது அகந்தையின் குரல். நடைமுறையில் விடுதிகள் பெரும்பாலும் இந்தக் கடைசிக் குரலுக்கே விரைந்து எழுந்து நிற்கின்றன. மூதாட்டியின் நாற்காலிக்குத்தான் தாள் குறுக்கே வருகிறது. திருமலையில் பரிந்துரைக் கடிதத்தோடு வருவோருக்குத் தனித் தரிசன முறை இருப்பதையும், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தையோடு வருவோருக்கும் வேறொரு தனி வழி இருப்பதையும் கண்டவர்கள், இரண்டும் 'தனி'தான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்கமின்றியே உணர்வர்.

வேண்டுகோளை ஏற்பதா என்று முடிவு செய்பவர் முகப்பில் அமர்ந்திருக்கும் மேலாளர். அதைச் சுமப்பவரோ உள்ளே எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கும் தொழிலாளி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பலருடைய கண்ணில் படுவதில்லை. விருந்தினரை மகிழ்விக்கும் ஆர்வத்தில் மேலாளர் தந்துவிடும் அரைமணி, அந்தத் தொழிலாளியின் உணவு நேரத்திலிருந்து எடுக்கப்படுமானால் அது தானம் அன்று; பிறர் பொருளைக் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொள்வது. உடலைத் தொட்டுச் செய்யும் பணியில் தகாத வேண்டுகோள்களும் வருகின்றன என்பதை நாகரிகம் கருதி மறைப்பதில் பயனில்லை. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்க 2013-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், அங்கு வந்துபோகும் வெளியாரிடமிருந்தும் பாதுகாப்பு அளிப்பதை நிறுவனத்தாரின் கடமை என்கிறது. விருந்தினர் தெய்வம் என்ற சொல்லைக் காட்டி ஒரு பெண்ணை வாய்மூடி நிற்கச் செய்வது அந்தச் சொல்லுக்கே இழைக்கும் இழிவு.

உடலைத் தொடும் பணிக்குப் புத்தூரிலிருந்து வெகுதூரம் செல்லாமலே மற்றோர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. அது திருமலையின் கல்யாணகட்டா. நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் அங்கு முடி காணிக்கை செலுத்துகின்றனர். அதற்குத் தேவஸ்தானம் கட்டணம் வாங்குவதில்லை. சீட்டைப் பெற்றுக்கொண்டு வரிசையில் அமர்ந்தால் போதும். அரசு அதிகாரியின் தலையும் கூலியாளின் தலையும் ஒரே கத்தியின் கீழ் ஒரே விதமாகக் குனிகின்றன. சமத்துவத்துக்கு இதைவிடக் கண்கூடான காட்சி அரிது. ஆனால் அந்தச் சமத்துவத்திலும் ஒரு குறை நெடுநாள் இருந்தது. முடியிறக்கும் பணியாளர் அனைவரும் ஆண்களாகவே இருந்தனர். நேர்ந்துகொண்டு வந்த பெண்களில் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு தலை குனிந்தவர்கள் எத்தனை பேரோ! இன்று அங்கே பெண் பணியாளர்களும் உள்ளனர். பெண்கள் அவர்களிடம் முடியிறக்கிக்கொள்ளலாம். ஒருத்திக்குக் காட்டிய தயவாக இல்லாமல், வரும் எல்லாப் பெண்களுக்கும் உரிய ஏற்பாடாக அது அமைந்துவிட்டது. நாளை பத்துப் பேர் கேட்பார்களே என்று அஞ்சும் விடுதியாளர் இதைக் கவனிக்கலாம். பத்துப் பேர் கேட்கிறார்கள் என்றால் அது சிறப்பு வேண்டுகோளாக இருப்பதை விட்டுவிட்டது; தொகுப்பைத் திருத்தி அச்சிட வேண்டிய காலம் வந்துவிட்டது.

சட்டமும் இதே திசையில் நடந்து வந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 'நியாயமான இணக்கம்' என்ற கருத்தை விளக்கியுள்ளது. அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல், தேவையான, பொருத்தமான மாற்றத்தைச் செய்துதருவதே அது. 'தேவையான' என்பது கேட்பவரின் ஆசைக்கு வரம்பு கட்டுகிறது. 'அளவுக்கு மீறிய சுமை' என்பது கொடுப்பவரின் சாக்குக்கு வரம்பு கட்டுகிறது. நாற்காலியில் அமர்த்தித் தேய்ப்பது எந்த விடுதியையும் முறித்துவிடும் சுமையன்று. ஒரே ஒருவருக்காக மாடிக்கு மின்தூக்கி அமைக்கச் சிறிய விடுதியால் முடியாமல் போகலாம். தரைத்தளத்தில் ஓர் அறையை ஒழித்துத் தர முடியும்.

இனி விருந்தினரின் பக்கம். இதை எண்ணும்போது காந்தியடிகளின் வாழ்வில் 1915-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய புதிதில் அவர் கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசுவின் வீட்டில் தங்கினார். அவர் அப்போது பழங்களையும் கொட்டைகளையும் மட்டுமே உண்டுவந்தார். அதனால் நகரில் கிடைத்த பழவகைகள் எல்லாம் வரவழைக்கப்பட்டன. அவ்வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் கண்விழித்துக் கொட்டைகளின் தோலை உரித்தனர். அவர் எதையும் ஆணையிடவில்லை. தமது நெறியின்படி உண்பதாகச் சொன்னார், அவ்வளவே. எளிமைக்காக மேற்கொண்ட உணவு, பரிமாறுபவர்களுக்கு ஆடம்பர விருந்தைவிடப் பெருஞ்சுமையாக மாறிவிட்டது! அவர் மனம் பெரிதும் உறுத்தியது. அதன்பின் ஹரித்வார் கும்பமேளாவின்போது, இந்தியாவில் இருக்கும்வரை ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என்று விரதம் பூண்டார். நெறியை அவர் கைவிடவில்லை. அந்த நெறிக்காகப் பிறர் சிந்தும் வியர்வையைக் குறைத்துக்கொண்டார். கேட்பது நியாயமானதா என்பதோடு, அது யாருடைய உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதையும் அவர் கேட்டார்.

விடுதிக்குச் செல்பவர் இவ்வளவு கடுமையான விரதம் பூண வேண்டியதில்லை. தேவை இன்னதென்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். வந்து நின்ற பிறகு கேட்பது, அடுப்பை அணைத்த வீட்டில் சோறு கேட்பது போன்றது. அன்பிருந்தும் இல்லத்தார் திகைப்பர். முடியாது என்று மரியாதையோடு சொல்லப்பட்டால், அந்தத் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறிடம் தேடுவதில் இழிவில்லை. முடியும் என்று சொல்லிவிட்டு மூதாட்டியை மேசைமேல் ஏற்றிப் படுக்கவைக்க முயலும் விடுதியைவிட, எங்களிடம் அதற்குப் பழகிய கைகள் இல்லை என்று உண்மை சொல்லும் விடுதி மேலானது. முறிவு தமது கைக்கு மீறியது என்று அறிந்தால், கட்டுப் போடுபவர் துணியை மடித்து வைத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு சொல்லத்தானே வேண்டும்.