எழுதுவதா, விடுவதா?

நன்னடத்தைக் கண்காணிப்பு என்ற ஏற்பாடு ஒரு குடிகாரரை நம்பியதில் பிறந்தது. 1841இல் பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைத்துப் பிழைத்துவந்த ஜான் அகஸ்டஸ், குடித்ததற்காகக் கூண்டில் நின்ற ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம், தன் பொறுப்பில் விடுங்கள் என்று கேட்டு ஜாமீனில் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் அடையாளமே தெரியாத அளவுக்குத் திருந்தி வந்து நின்றார். பெயருக்கு ஓர் அபராதத்தோடு வழக்கு முடிந்தது. இன்று கனடாவின் வடகோடியில், அதே ஏற்பாட்டின் பெயரால், குடித்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை விமானம் ஏற்றிச் சிறைக்கு அனுப்ப முடியும். பெரும்பாலும் அது தொடங்குவது ஊரில் இருக்கும் நன்னடத்தை அலுவலர் எழுதும் மீறல் அறிக்கையில். அந்த அறிக்கையை எப்போது எழுதுவது நியாயம், எப்போது எழுதாமல் விடுவது நியாயம்?

டொராண்டோவில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழாது. நுனாவுட்டில் எழுகிறது. 1999 ஏப்ரல் 1 அன்று தனி ஆட்சிப் பிரதேசமான நுனாவுட்டின் பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 36,858 பேர். பெரும்பாலோர் இனுயிட் மக்கள். மொத்தம் 25 ஊர்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே சாலை கிடையாது. வடக்கே கடைசி ஊரான கிரைஸ் ஃபியோர்டில் 150 பேர்கூட இல்லை. தலைநகர் இக்காலுயிட் அங்கிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மளிகைக்கடை, ஒரு மருத்துவ நிலையம், ஒரு விமானத் தளம், ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் கண்காணிப்பில் உள்ளவர், பின்னால் அவர் அடித்த மனைவியின் அம்மா, நடுவில் நன்னடத்தை அலுவலர் என்று நிற்க நேரலாம்.

நீதிமன்றம் ஊரில் இல்லை. அது பறந்து வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவரை அவருடைய ஊரிலேயே, அவருடைய மக்கள் முன்னால் விசாரிக்க வேண்டும் என்று 1955இல், நுனாவுட்டும் அன்று அடங்கியிருந்த வடமேற்குப் பிரதேசங்களின் முதல் நீதிபதியாகப் பொறுப்பேற்ற ஜாக் சிசன்ஸ் உறுதியாக நின்றார். அந்த நல்ல மரபின் தொடர்ச்சி இது. ஆனால் அருகில் நின்று பார்த்தால் அதன் மறுபக்கமும் தெரியும். நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், எழுத்தர் எல்லோரும் வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறார்கள். சமுதாயக் கூடத்திலோ பள்ளி விளையாட்டரங்கிலோ மடக்கு மேசைகளைப் போட்டு நீதிமன்றம் அமைகிறது. பலர் தங்கள் வழக்கறிஞரை முதன்முதலாக நேரில் பார்ப்பதே அன்று காலையில்தான். அடிபட்டவரும் அடித்தவரும் ஒரே கூடத்தில் சில நாற்காலிகள் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். பனிப்புயல் வரும் என்றால் பட்டியலைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். முடித்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். சிறிய ஊர்களுக்கு அவர்கள் மறுபடி வர மாதங்கள் ஆகும்.

அவர்கள் விட்டுச்செல்வது நிபந்தனைகளை. ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும், அழைத்தால் நீதிமன்றத்துக்கு வர வேண்டும், முகவரியோ வேலையோ மாறினால் தெரிவிக்க வேண்டும் என்பவை எல்லோருக்கும் பொது. அதற்குமேல் நீதிபதி சேர்ப்பவைதான் சிக்கல்: மது தொடக்கூடாது, மனைவியோடு தொடர்பு கூடாது, அலுவலரை இத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். காகிதத்தில் இவை நியாயமானவை. ஆனால் நுனாவுட்டில் இனுயிட் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இட நெருக்கடியுள்ள வீடுகளில் வாழ்கிறார்கள். மனைவியை விட்டு விலகியிரு என்று உத்தரவு வாங்கியவர் போய்ப் படுப்பது அக்கா வீட்டுக் கூடத்தில். அங்கே யாராவது குடித்துக்கொண்டிருந்தால் எழுந்துபோக வேறு வீடு இல்லை. வெளியே மைனஸ் 35 டிகிரி.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மனைவியை அடித்ததற்காக ஓராண்டு கண்காணிப்பில் இருக்கும் ஓர் இளைஞர் எட்டு மாதம் ஒழுங்காக இருந்திருக்கிறார். சீல் வேட்டைக்குப் போகிறார், கிடைத்ததை முதியவர்களுக்குப் பங்கு கொடுக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு குடித்துவிடுகிறார். யாரையும் தொடவில்லை. திங்கட்கிழமை ஊருக்கே தெரியும், அலுவலருக்கும் தெரியும். அறிக்கை எழுதினால் அது குற்றச்சாட்டாகலாம். கனடியக் குற்றவியல் சட்டத்தில் நன்னடத்தை நிபந்தனையை மீறுவதே தனிக்குற்றம், அதிகபட்சத் தண்டனை நான்கு ஆண்டுச் சிறை. எழுதாவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தப் பொறுப்பு யாருடையது?

எழுதத்தான் வேண்டும் என்பவர்களின் வாதம் லேசானதல்ல. குடும்ப வன்முறை கனடாவிலேயே மிக அதிகமாகப் பதிவாகும் இடங்களில் நுனாவுட் ஒன்று. அடிபட்ட பெண் ஓடி ஒளிய இன்னொரு ஊர் இல்லை. பெரும்பாலான ஊர்களில் பாதுகாப்பு இல்லமும் இல்லை. மது வேண்டாம் என்ற நிபந்தனையை நீதிபதி எழுதியபோது அந்தப் பெண் அதை அரசு தனக்குக் கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டார். அலுவலர் கண்டும் காணாமல் இருந்தால் அந்த வாக்கை அவர் தனியாளாக முறித்துவிடுகிறார். இரக்கத்தைப் பற்றி எழுதும் பலர் இந்தப் பெண்ணைக் கட்டுரையின் ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய தவறு. இரக்கத்துக்கு விலை கொடுக்கப்போவது அவர்தான்.

எதிர்த்தரப்பின் வாதத்துக்கும் கனம் உண்டு. கனடாவின் மக்கள்தொகையில் பழங்குடியினர் ஏறத்தாழ 5 விழுக்காடு. மத்தியச் சிறைகளில் இருப்போரில் அவர்களின் பங்கு 2020இல் 30 விழுக்காட்டைத் தாண்டியது. இந்த ஏற்றத்தாழ்வு முன்பே இருந்ததைக் கண்டுதான் 1999இல் உச்ச நீதிமன்றம் கிளாடு வழக்கில், பழங்குடியினருக்குத் தண்டனை வழங்கும்போது அவர்களின் வரலாற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. 2012இல் இபீலி வழக்கில் அதையே இன்னும் அழுத்திச் சொன்னது. நீண்டகாலக் கண்காணிப்பில் இருந்த ஓர் இனுயிட் மனிதர், தன் ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கிங்ஸ்டன் நகரில், போதையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனபோது பிடிபட்டார். அதற்கு விதித்த மூன்றாண்டுச் சிறையை உச்ச நீதிமன்றம் ஓராண்டாகக் குறைத்தது. 2020இல் சோரா வழக்கில், ஜாமீன் நிபந்தனைகளைப் பற்றிப் பேசும்போது, ஒருவரால் கடைப்பிடிக்க முடியாததை நிபந்தனையாக்கினால் அது அவரைத் தோற்கவைக்கும் ஏற்பாடாகிவிடும் என்று எச்சரித்தது. குடிநோய் உள்ளவரிடம் குடிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு, சிகிச்சைக்கு ஊரில் எதையும் வைக்காமல் போவது அப்படிப்பட்டதுதான்.

இவற்றோடு வரலாறும் சேர்ந்துகொள்கிறது. 1953இல் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலேற்றிக் கிரைஸ் ஃபியோர்டிலும் ரெசல்யூட்டிலும் கொண்டுபோய் இறக்கியது அரசு. அதற்கு மன்னிப்புக் கேட்டது 2010இல். நுனாவுட்டின் கிக்கிக்தானி வட்டாரத்து மக்களைக் கட்டாயமாக இடம்பெயர்த்தது, குடும்பங்களைப் பிரித்தது, வண்டி இழுக்கும் நாய்களைக் கொன்றது ஆகியவற்றுக்கான மன்னிப்பு 2019இல் வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் இன்று ஊரின் தாத்தா பாட்டிகள். அரசு ஆள் ஒருவர் கோப்போடு வந்து கதவைத் தட்டும்போது அந்த வீட்டில் விழும் மௌனம் அவர் ஒருவரைப் பற்றியது மட்டுமல்ல. அந்த மௌனத்தை ஒத்துழையாமை என்று கோப்பில் எழுதுவது பெரிய அநியாயம். ஒன்டாரியோவின் கெனோராவில் அரசு வழக்கறிஞராக இருந்த ரூப்பர்ட் ராஸ், அங்குள்ள ஓஜிப்வே, கிரீ மக்களிடையே பணிபுரிந்தபோது, மற்றவர் விஷயத்தில் தலையிடாமல் இருப்பதையும் நேருக்கு நேர் குறை சொல்லாமல் இருப்பதையும் அவர்கள் ஒழுக்கமாகக் கருதுவதைக் கண்டு 1992இல் ஒரு புத்தகமே எழுதினார். மனம்விட்டுப் பேசாதவர் திருந்தாதவர் என்று தெற்கில் பயிற்சி பெற்ற அலுவலர் முடிவுகட்டினால், தண்டிக்கப்படுவது குற்றம் அல்ல, வளர்ப்பு.

அப்படியானால் உள்ளூர்க்காரரையே அலுவலராக்கினால் சரியாகிவிடுமா? மொழி தெரியும், குடும்பங்கள் தெரியும், யார் எப்போது ஆபத்தானவர் என்றும் தெரியும். ஆனால் கண்காணிப்பில் இருப்பவர் அவருக்குச் சித்தப்பா மகனாக இருப்பார். எழுதினால் குடும்பம் பேசாது. விட்டால் அடிபட்டவரின் குடும்பம் பேசாது. வெளியூர்க்காரர் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடலாம், உள்ளூர்க்காரர் எங்கே போவார்? இந்தச் சுமையை நுனாவுட்டில் இனுயிட் அலுவலர்கள் சத்தமில்லாமல் சுமக்கிறார்கள். அவர்களிடம் போய் விதியைக் கறாராகப் பின்பற்று என்று மட்டும் சொல்வது, அவர்களுடைய வாழ்க்கையை அறியாதவர்களின் பேச்சு.

இரண்டு வாதங்களையும் எடைபோட்ட பிறகு ஒரு முடிவுக்கு வரத்தான் வேண்டும். நிபந்தனை மீறப்பட்டதா என்பது அலுவலரின் முதல் கேள்வியாக இருக்கக்கூடாது. மீறலால் யாராவது அஞ்சுகிறார்களா என்பதே முதல் கேள்வி. சந்திப்புக்கு வராதது, வேட்டைக்குப் போனதால் தேதி தவறியது, தனியாகக் குடித்துத் தூங்கியது, இவற்றுக்காக ஒருவரை ஊரைவிட்டுப் பிடுங்கிச் சிறையில் போடுவதை எந்த நியாயத்தாலும் தாங்க முடியாது. அடிபட்டவரின் வாசலில் போய் நின்றது, தொலைபேசியில் மிரட்டியது, முன்பு அடித்ததற்கு முன்னால் குடித்தது போலவே இப்போதும் குடிக்கத் தொடங்கியது, இவை அன்றே போலீசுக்குப் போக வேண்டும். அந்த மனிதர் எவ்வளவு நல்ல வேட்டைக்காரர் என்பது அங்கே பொருட்டில்லை.

அச்சத்தை அலுவலர் ஊகித்துக்கொள்ளவும் கூடாது. அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும். பத்துப் பேர் இருக்கும் வீட்டில் தொலைபேசியில் அல்ல, தனியாக, அவருடைய மொழியில், உறவுக்காரர் அல்லாத ஒருவர் மூலமாக. எனக்குப் பயமில்லை என்று அவர் சொன்னால்கூட, மாமியார் பக்கத்து வீட்டில் இருப்பதையும், வீட்டுக்கு இறைச்சி கொண்டுவருபவர் அந்த ஆள்தான் என்பதையும் மனதில் வைத்துத்தான் அதைக் கேட்க வேண்டும். ஐயம் மிஞ்சினால் அதன் பலன் அவருக்குப் போக வேண்டும்.

எழுதாமல் விடுவதென்று முடிவெடுத்தால் அது இரகசியமாக இருக்கக்கூடாது. இன்ன நாளில் குடித்தார், இன்ன காரணத்தால் குற்றச்சாட்டுக்கு அனுப்பவில்லை, அடிபட்டவரிடம் பேசியாகிவிட்டது என்று கோப்பில் பதிய வேண்டும். மேலதிகாரிக்கும் தெரிய வேண்டும். இரகசியமாகக் காட்டும் கருணை சிறிய ஊரில் சலுகையாகிவிடும். இவருக்கு விட்டார், அவருக்கு விடவில்லை என்ற பேச்சு வந்துவிட்டால் அலுவலரின் வார்த்தைக்கு மதிப்பில்லை. சட்டமே மூன்றாவது வழி ஒன்றையும் கொடுத்திருக்கிறது: நிபந்தனைகளை மாற்றக் கோரி அலுவலரே நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். நிறைவேற்ற முடியாத நிபந்தனை என்று தெரிந்தும் அதை மாற்றக் கேட்காமல், மீறும்வரை காத்திருந்து அறிக்கை எழுதுபவர் கடமையைச் செய்தவர் ஆகமாட்டார்.

விண்ணப்பித்தாலும் நீதிமன்றம் வர மாதங்கள் ஆகும், அதுவரை என்ன செய்வது என்று கேட்கலாம். உண்மைதான். அங்கேதான் கேள்வி அலுவலரைத் தாண்டிப் போகிறது. 1992இல் யூக்கானில் நீதிபதி பேரி ஸ்டூவர்ட், மோசஸ் வழக்கில், நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி ஊர் மக்களோடு உட்கார்ந்து தண்டனையைப் பேசி முடிவுசெய்தார். எந்த நிபந்தனை ஊரில் நடக்கும், எது நடக்காது என்பதை அங்கே வாழ்பவர்களிடம் கேட்ட பிறகே அதை எழுத முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம். அப்படிக் கேட்பதற்கு இன்னொரு விமானம்கூடத் தேவையில்லை. கிளம்பும் அவசரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பணம் தேவைப்படுவது வேறு இரண்டுக்கு: குடிநோய்ச் சிகிச்சை ஊருக்குள் கிடைக்க வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெண் தன் பிள்ளைகளோடு பயமில்லாமல் தூங்கப் பூட்டுள்ள ஓர் இல்லம் வேண்டும். இந்த இரண்டையும் கொடுக்காத அரசு, வெள்ளிக்கிழமை இரவுக்கான பழியை ஓர் அலுவலர் தலையில் மட்டும் போட உரிமை இழந்துவிட்டது.