சாவியைக் கொடுப்பவரும் பெற்றுக்கொள்பவரும்



ஆகஸ்டு 29-ந் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8-ந் தேதி தேவமாதாவின் பிறந்த திருநாள் முடியும்வரை நம் பங்கிலும் பல வீடுகளின் கதவு பூட்டியிருக்கும். இதைவிட நீண்ட பிரயாணங்களும் இக்காலத்தில் சகஜமாகிவிட்டன. மகளுக்குப் பிரசவம் என்று அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகும் பெற்றோர் மாதக்கணக்கில் அங்கே தங்கிவிடுகிறார்கள். அதுவரை வீட்டில் விளக்குப் போடவும், செடிக்குத் தண்ணீர் ஊற்றவும், நாய்க்குச் சோறு வைக்கவும் ஒருவர் வேண்டும். தூரத்து உறவான ஒரு விதவையோ, ஓய்வுபெற்ற ஒரு பெரியவரோ, கல்லூரியில் படிக்கும் ஒரு பையனோ வந்து இராத்தங்குகிறார்கள். மேல்நாடுகளிலோ முன்பின் அறியாதவர்களே ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கி, தங்குமிடத்தையே கூலியாகக் கொண்டு, நாய் பூனைகளைப் பராமரிப்பதும் வழக்கத்தில் உண்டு.

இப்படி ஒரு சாவி கைமாறும்போது அதனோடு இரண்டு பொருள்கள் கைமாறுகின்றன. ஒன்று, வீட்டுக்காரருடைய உடைமை. மற்றொன்று, வீட்டைக் காக்க வந்தவருடைய நற்பெயர். முதலாவதைப் பற்றிக் கவலைப்படாதவர் இல்லை. இரண்டாவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் எத்தனை பேர்?

முதலாவது, சாவியைக் கொடுக்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன். ஆளை விசாரித்த பிறகே கொடுங்கள். “சாமி, நம் ஆளைப் போய் எப்படி விசாரிப்பது? அவர் மனம் நோகாதா?” என்பீர்கள். தொபியாஸ் ஆகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கண்பார்வை இழந்த முதியவர் தொபியாஸ், தூர தேசத்தில் கபேலுஸ் என்பவரிடமிருந்து வரவேண்டிய பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கி வரும்படி தம் ஒரே மகனை அனுப்ப நினைக்கிறார். வழித்துணைக்கு ஒரு வாலிபன் வருகிறான். அவன் முகக்களையைக் கண்டு மகன் மகிழ்ந்துபோனான். தகப்பனாரோ, நீ எந்தக் கோத்திரம், எந்தக் குடும்பம் என்று விசாரித்த பிறகே மகனை ஒப்படைக்கிறார். விசாரித்ததற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார். அந்த வாலிபன் யார்? அதிதூதரான அர்ச். இரபாயேல் சம்மனசு! சம்மனசானவரே கேள்விக்கு உட்பட்டார். நாம் உட்பட்டால் குறைந்தா போய்விடுவோம்?

பரிசுத்தர் விசாரித்த முறையைக் கவனியுங்கள். மகன் நலத்துக்காகக் கேட்டார். அவமதிக்கும் எண்ணத்தோடு கேட்கவில்லை. முகத்துக்கு நேரே கேட்டார். முதுகுக்குப் பின்னால் புறணி பேசவில்லை. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். அவர் இதற்குமுன் தங்கியிருந்த வீட்டாரைப் பார்த்துப் பேசுங்கள். அவருடைய சொந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். முன்பின் தெரியாதவரானால், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தின் வழியாகக் கட்டணம் செலுத்தி, வீட்டு வேலைக்கு வருகிறவரைப் பற்றிச் சரிபார்க்கும்படி கேட்கலாம். வெளியூர் போவதை அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்தும் போகலாம். “கோவிலுக்கு வருகிற ஆள்தானே” என்பது மட்டும் போதாது. ஞானஸ்நானச் சான்றிதழ் ஒருவர் திருச்சபையின் பிள்ளை என்பதற்கு அத்தாட்சி, நடத்தைக்கு அத்தாட்சியன்று.

விசாரித்ததோடு உங்கள் கடமை தீராது. நகைகளை வங்கியில் வைத்துவிட்டுப் போங்கள். திறந்த அலமாரியில் ஐந்து பவுன் சங்கிலியைத் தொங்கவிட்டு, பசித்த ஒருவரை அவ்வீட்டில் படுக்க வைப்பது பாவச் சமயத்தை நாமே உண்டாக்குவதாகும். ஒப்படைக்கும் பொருள்களை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கூலி எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதை முன்னரே பேசி, அத்தேதியில் கொடுங்கள். எரிவாயு அடுப்பில் கசிவு இருந்தாலும், மின்கம்பியில் பழுது இருந்தாலும், நாய் கடிக்கக்கூடியதானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னார் எங்கள் வீட்டில் தங்குவார் என்று பக்கத்து வீட்டாருக்கும் அறிவியுங்கள்; இல்லாவிடில் இரவில் கதவைத் திறப்பவரைத் திருடன் என்று பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, சாவியைப் பெற்றுக்கொள்கிறவர்களே, உங்களுக்குச் சொல்லுகிறேன். பூட்டிய அறை உங்களுக்குப் பூட்டியதாகவே இருக்கட்டும். வீட்டுக்காரர் அறியாமல் சிநேகிதர்களை அழைத்து வந்து தங்கவைக்காதீர்கள். “இந்தப் பெரிய வீட்டில் நான் மட்டும்” என்று வாட்ஸ்அப்பில் படம் போடுவது திருடனுக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பதாகும். ஒரு கண்ணாடிக் கிண்ணம் கைதவறி உடைந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொன்னால் அது விபத்து. மறைத்தால் அதுவே சந்தேகத்தின் விதை.

விசாரிக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. இந்த வீட்டுச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது? நான் தங்கும் நாட்களில் யார் யார் வந்துபோவார்கள்? படுக்கும் அறைக்கு உட்புறத் தாழ்ப்பாள் உண்டா? சிசிடிவி கேமரா எங்கெங்கே இருக்கிறது? இவற்றைக் கூசாமல் கேளுங்கள். முக்கியமாகப் பெண் மக்கள் கேட்க வேண்டும். வாசலில் கேமரா வைப்பது நியாயம். ஆனால் அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண்ணை அந்தரங்க நிலையில் அவள் அறியாமல் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றம்; சர்வேசுரனுடைய சந்நிதியில் கனமான பாவம். பெற்றோரே, கூலி கிடைக்கிறது என்பதற்காக வயதுப் பெண்ணைத் தெரியாத வீட்டில் தனியே தங்க அனுப்பாதீர்கள்.

மூன்றாவது விஷயமே எல்லாவற்றிலும் பாரமானது. திரும்பி வந்து பார்க்கும்போது ஒரு பொருளைக் காணவில்லை; அப்போது என்ன செய்வது?

ஒரு வீட்டம்மாளுக்கு மோதிரம் ஒன்று காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தங்கியிருந்த விதவையைத் தவிர வேறு யாரை நினைப்பாள்? அன்று மாலையே அடுத்த வீட்டில் சொல்லுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் தெருவெல்லாம் தெரிந்துவிடுகிறது. பத்து நாள் கழித்து, ஊருக்குக் கொண்டுபோன பெட்டியின் மடிப்பிலே மோதிரம் கிடைக்கிறது. கிடைத்தது என்று சொல்ல எத்தனை வீட்டுப் படி ஏறுவாள்? மோதிரம் திரும்பி வந்தது. அந்த விதவையின் பெயர் வந்ததா? இனி அவளை யார் வேலைக்கு அழைப்பார்கள்? அவள் மகளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்? ஏழைக்கு வங்கியில் போட்டு வைக்கப் பணம் இல்லை. அவள் சேர்த்து வைத்த ஒரே ஆஸ்தி அந்த நற்பெயர்தான்.

புத்திபாரின் வீட்டில் சூசை இவ்வாறே அழிக்கப்பட்டார். ஆதியாகமம் 39-ம் அதிகாரத்தில் பார்க்கிறோம்: எஜமான் தன் வீடு முழுவதையும் அவர் கையில் விட்டிருந்தான். மனைவி ஒரு மேலாடையைக் காட்டி ஒரு பொய்யைச் சொன்னாள். ஒரு கேள்வியும் கேட்டதாக வேதத்தில் இல்லை. மாசற்றவர் சிறைக்குப் போனார். ஒப்படைக்கும்போது விசாரிக்கச் சோம்புகிறவர்கள்தாம் பெரும்பாலும் குற்றஞ்சாட்டும்போதும் விசாரிக்கச் சோம்புகிறார்கள்.

மோயீசன் வழியாகக் கொடுக்கப்பட்ட பழைய சட்டமே இதைவிட நீதியாயிருந்தது. யாத்திராகமம் 22-ம் அதிகாரத்தின்படி, காக்கக் கொடுத்த பொருள் களவுபோய், திருடனும் அகப்படாவிட்டால், காத்தவன் நடுவர் முன் வந்து தான் அதில் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். காக்க விட்ட ஆடு மாட்டைத் துஷ்ட மிருகம் பீறிப்போட்டால், அதைக் கொண்டுவந்து காட்டினால் போதும். ஈடு கேட்கக் கூடாது. காத்தவனுடைய வாய்ச்சொல்லுக்கும் மதிப்பு உண்டு, தற்செயலான நஷ்டம் குற்றமாகாது என்று சர்வேசுரன் அன்றே படிப்பித்தார்.

ஆகையால் முதலில் வீட்டை நன்றாகத் தேடுங்கள். பிறகு அவரைத் தனியே அழைத்து, மரியாதையாகக் கேளுங்கள். அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். களவு என்பதற்குத் தகுந்த ஆதாரம் இருந்தால் அதிகாரிகளிடம் போங்கள், தெருவிடம் போகாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு, ஒப்படைத்த பொருளை அபகரிப்பவருக்கு ஐந்தாண்டு வரையும், ஊழியராயிருந்து அதைச் செய்பவருக்கு ஏழாண்டு வரையும் சிறை விதிக்கிறது. இதைச் சாவி பெறுகிறவர்களும் நினைவில் வைக்கட்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மனதில்லாதவன் செய்யும் பாவசங்கீர்த்தனம் அவனுக்குப் பலன் தராது. அதுபோலவே, எட்டாம் கற்பனைக்கு விரோதமாக ஒருவர் பெயரைக் கெடுத்தவரும் ஈடு செய்யக் கடமைப்பட்டவர். எத்தனை பேரிடம் சொன்னோமோ அத்தனை பேரிடமும் போய், நான் சொன்னது தவறு என்று சொல்ல வேண்டும். கால் வலித்தாலும் போக வேண்டும்.

பிரியமானவர்களே, சேசுநாதர்சுவாமி நம் எல்லோரையும் குறித்து ஓர் உவமை சொன்னார். தூர தேசம் போகிற ஒருவர் தம் வீட்டை ஊழியர்களிடம் விட்டு, அவரவருக்கு வேலையைக் குறித்து, வாசல் காப்பவனை விழித்திருக்கச் சொல்லிப் போனார் என்று அர்ச். மாற்கு சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தில் காண்கிறோம். மாடி வீட்டுச் சொந்தக்காரரும் அங்கே வெறும் வாசல் காப்பவரே. பத்திரம் நம் பெயரில் இருந்தாலும் வீடு அவருடையது. எஜமான் திரும்பும் வேளை நமக்குத் தெரியாது. நம் சாவியைப் பெற்றவரிடம் நாம் எப்படிக் கணக்குக் கேட்கிறோமோ, அப்படியே நம்மிடமும் கேட்கப்படும்.

திருயாத்திரை புறப்படுகிறவர்களே, பெட்டியைக் கட்டுவதற்குமுன் உங்கள் வீட்டைக் காக்க வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தம்ளர் காப்பி கொடுத்து, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். மாதாவின் சந்நிதியில் மெழுகுதிரி ஏற்றும்போது அவர் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். திருக்குடும்பத்தின் காவலரான அர்ச். சூசையப்பர் நம் வீடுகளையும், அவற்றைக் காக்கும் ஏழைகளின் நற்பெயரையும் காப்பாராக.

ஆமென்.