கடல் கொண்டுபோனது யாருடையது?

1715 ஜூலை இறுதியில் ஹவானாவிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட கப்பல் கூட்டமொன்று புளோரிடாவின் கிழக்குக் கரையோரம் புயலில் மாட்டிக்கொண்டது. தங்கமும் வெள்ளியும் நகைகளும் ஏற்றிச் சென்ற பதினொரு ஸ்பானியக் கப்பல்கள் ஜூலை 31 அதிகாலையில் உடைந்து மூழ்கின. ஆயிரம் பேரளவில் மாண்டார்கள். செபாஸ்டியன், வீரோ பீச், ஃபோர்ட் பியர்ஸ் ஊர்களை ஒட்டிய அந்தக் கரைக்கு இன்று ‘புதையல் கரை’ என்றே பெயர். புயல் ஓய்ந்து, அலை மணலை அரித்துவிட்டுப் போன காலைப்பொழுதில் மெட்டல் டிடெக்டரோடு ஆட்கள் அங்கே இறங்கிவிடுகிறார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் கையில் அகப்படுவது ஸ்பானிய நாணயம் அல்ல. பாட்டில் மூடி, தூண்டில் ஈயக் குண்டு, சில்லறைக் காசு, எப்போதாவது ஒரு மோதிரம். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும். சன்ஸ்கிரீன் தடவிய கை வழுக்கும். கல்யாண மோதிரம் கழன்று மணலுக்குள் போய்விடும்.

உப்புநீரில் இறங்கித் தேட எந்தக் கருவி நல்லது என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் நுழைகிற எவரும் முதலில் கேட்பது. அந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டே வேறொரு கேள்வியும் வருகிறது. அதற்கு வயது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. கடல் கொண்டுபோன பொருள் அதன் பிறகும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கிறதா?

இதை மிக நுணுக்கமாக அலசியவர்கள் யூத அறிஞர்கள். தொலைந்ததைக் கண்டால் உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம். மாடு, ஆடு, கழுதை, ஆடை என்று பெயர் சொல்லியே கட்டளையிடுகிறது உபாகமத்தின் 22-ஆம் அதிகாரம். அந்தக் கட்டளைக்கு எல்லை வகுப்பது யூதச் சட்ட நூலான தால்முதின் ‘பாபா மெட்சியா’ என்ற பகுதி. சிதறிக் கிடக்கும் காசு கண்டெடுத்தவருக்கு. பையோடு கிடந்த காசு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த மூன்று காசு என்றால் ஊரறிய அறிவிக்க வேண்டும். பையும் அடுக்கும் அடையாளங்கள். அடையாளம் சொல்ல முடிந்தவர் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இன்னும் தேடிக்கொண்டிருப்பார். சொல்ல வழியில்லாதவரோ அதை மனத்தில் எப்போதோ கைகழுவியிருப்பார். தொலைத்தவரின் நம்பிக்கை அற்றுப்போகும் இடத்தில்தான் உரிமையும் அற்றுப்போகிறது.

நீர் கொண்டுபோனதற்குத் தனி விதி. ஆறோ கடலோ அடித்துச் சென்ற பொருளில் எவ்வளவு தெளிவான அடையாளம் இருந்தாலும், எடுத்தவருக்கே அது சொந்தம். ஒருவர் தொலைத்து இன்னொருவர் கண்டெடுக்கக்கூடிய பொருளுக்குத்தான் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு, மனிதர் எல்லாருக்குமே தொலைந்துபோனதற்கு இல்லை என்று தால்முத் அறிஞர் ரபி யோஹனான் இதற்குக் காரணம் காட்டுகிறார். உரியவர் அங்கேயே நின்று கூச்சலிட்டாலும் செல்லாது. இடிந்துவிட்ட வீட்டுக்காகவும் கடலில் மூழ்கிய கப்பலுக்காகவும் கத்துவதற்கு நிகர் அது என்கிறது தால்முத்.

விதி அப்படியே நிற்க, அதன் காரணம் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. மூழ்கிய கப்பல்களை 1715-இலேயே ஸ்பானியர்கள் விட்டுவிடவில்லை. கரையில் முகாம் போட்டு, முக்குளிப்பவர்களை இறக்கி, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் மீட்டெடுத்தார்கள். எட்டாதது எட்டாததாகவே கிடந்தது. இரண்டரை நூற்றாண்டு கழித்து, கட்டட ஒப்பந்தக்காரரான கிப் வாக்னர், ராணுவம் கழித்துவிட்ட ஒரு மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு அந்த மீட்பு முகாம் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து கப்பல்களுக்கும் வழி பிறந்தது.

வாக்னரின் கருவியைவிட இன்று கடைகளில் கிடைப்பவை எத்தனையோ படி மேல். ஆனாலும் உப்புநீர் ஒரு முரட்டு எதிரி. டிடெக்டரின் காயில் எனப்படும் கம்பிச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மணலுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் அது சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, அந்த மின்னோட்டத்தின் எதிரொலியைக் கருவி பிடிக்கிறது. உப்பில் ஊறிய ஈர மணலும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கடலே ஒரு பெரிய உலோகத் துண்டாகக் கருவிக்குத் தெரிகிறது. கருமணல் கலந்த கரையில் அதிலுள்ள இரும்புத் தாதும் சேர்ந்துகொண்டு இரைச்சலைக் கூட்டும். ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் கருவி உலர் மணலில் நன்றாகவே வேலை செய்யும். அலை நனைக்கும் இடத்துக்கு வந்ததும் ஓயாமல் கத்தத் தொடங்கும். உணர்திறனைக் குறைத்தால் கத்தல் அடங்கும், கூடவே ஆழமும் போய்விடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி, அவற்றை ஒப்பிட்டு, உப்பின் பங்கைக் கழித்துவிடுவது. மைன்லேப் எக்ஸ்காலிபர், ஈக்வினாக்ஸ், எக்ஸ்பி டியூஸ் 2 போன்றவை இந்த வகை. இரண்டாவது, பல்ஸ் இண்டக்‌ஷன்: வலுவான ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்துக் கேட்பது. உப்பின் எதிரொலி சட்டென்று அடங்கிவிடும், உலோகத்தின் எதிரொலி நீடிக்கும். காரெட் ஸீ ஹண்டர் மார்க் 2 இப்படிப்பட்டது. ஆழமாகப் பிடிக்கும், ஆனால் எது இரும்பு எது தங்கம் என்று நம்பத்தக்க விதத்தில் சொல்லாது. சிக்னல் வந்த இடத்தையெல்லாம் தோண்டியே ஆக வேண்டும்.

இங்கேதான் இயற்பியல் ஒரு பாடம் வைத்திருக்கிறது. மெல்லிய தங்கச் சங்கிலியின் எதிரொலியும் உப்பின் எதிரொலியைப் போலவே சட்டென்று அடங்கிவிடும். உப்பைக் கேட்காமலிருக்கச் செய்யும் ஏற்பாடு சங்கிலியையும் கேட்காமல் விட்டுவிடக்கூடும். அதேபோல, பான டின்களின் அலுமினிய வளையமும் பல தங்க மோதிரங்களும் கருவியின் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டுகின்றன. குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை ஒதுக்கி வைத்தவரின் காயிலுக்குக் கீழே யாரோ ஒருவரின் மோதிரம் சத்தமில்லாமல் கடந்துபோகும்.

நீர்புகாத் தன்மையிலும் தரவரிசை உண்டு. ஈக்வினாக்ஸ் 800 மூன்று மீட்டர் ஆழம்வரை தாங்கும். மைன்லேப் மேன்டிகோர் 5 மீட்டர், டியூஸ் 2 இருபது மீட்டர், எக்ஸ்காலிபர் 2-உம் ஸீ ஹண்டரும் ஏறத்தாழ 60 மீட்டர். கம்பியில்லாமல் வேலை செய்யும் டியூஸ் 2-வைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும்போது காயிலையும் ரிமோட்டையும் ஒரு ஆன்டெனா வயரால் இணைக்க வேண்டும்; அதன் ரேடியோ அலை நீருக்குள் வெகுதூரம் ஊடுருவாது. ஹெட்போனும் நீர் புகாததாக இருந்தால்தான் மெல்லிய சிக்னல் காதில் விழும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால், காய்ந்த உப்பு ரப்பர் வளையங்களையும் சார்ஜ் ஏற்றும் முனைகளையும் அரித்துவிடும்.

மூன்று மீட்டர், இருபது மீட்டர், அறுபது மீட்டர்: விலைப்பட்டியலில் இவை வெறும் எண்கள். ரபி யோஹனானின் வாதத்தோடு வைத்துப் பார்த்தால் கனம் கூடுகிறது. கடலில் விழுந்தது எல்லா மனிதருக்கும் தொலைந்தது என்ற நிலை இருந்தவரைதான் அது எடுத்தவருக்கு உரியது. டியூஸ் 2 வைத்திருப்பவருக்கு இருபது மீட்டர் வரையுள்ள கடல் அந்த நிலையில் இல்லை. தொலைத்தவர் நம்பிக்கை இழந்தது உண்மைதான். ஆனால் அவர் இழந்தது, அப்படியொரு கருவியோடு ஒருவர் வருவார் என்று தெரியாததால். தெரியாமல் கைவிட்டதை, தெரிந்தே கைவிட்டதாக எடுத்துக்கொள்வது நியாயம் ஆகாது. கருவி எவ்வளவு ஆழம் எட்டுகிறதோ, அதை வைத்திருப்பவரின் கடமையும் அவ்வளவு ஆழம் இறங்குகிறது. கடலுக்கு விலக்கு அளித்த அதே யூத மரபில் பிற்கால அறிஞர்கள், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் திருப்பிக் கொடுப்பதே நேர்மையான வழி என்று சொன்னதும் இந்தத் திசையில்தான்.

இஸ்லாமிய மரபு இன்னும் கறாரானது. கண்டெடுத்த பணத்தின் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் குறித்து வைத்துக்கொண்டு ஓராண்டு அறிவிக்கச் சொல்கிறது நபிமொழி. அதற்குப் பிறகு செலவழித்திருந்தாலும், உரியவர் வந்து நின்றால் கொடுத்தாக வேண்டும். புகாரியின் நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஆயிரம் தீனார் கடன் வாங்கியவர், தவணை நாளில் கப்பல் கிடைக்காமல், ஒரு மரக்கட்டையைக் குடைந்து பணத்தையும் கடிதத்தையும் வைத்து அடைத்துக் கடலில் விடுகிறார். கடன் கொடுத்தவர் அதை விறகுக்கென்று எடுத்துப்போய் அறுக்கும்போது பணம் வெளிப்படுகிறது. பிறகு கடனாளி இன்னோர் ஆயிரத்தோடு வந்து நிற்க, ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்புகிறார். வெளியே தெரியவே வாய்ப்பில்லாத பணம் அது.

கிறித்தவத் தரப்பில் புனித அகஸ்தீன் ஒரு பிரசங்கத்தில் மிலான் நகர ஏழை ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். ஏறத்தாழ 200 பொற்காசு இருந்த பையைக் கண்டெடுத்த அவர், பொது இடத்தில் அறிவிப்பு எழுதி வைத்தார். உரியவர் வந்ததும் பையின் வகை, முத்திரை, எண்ணிக்கை எல்லாம் கேட்டுச் சரிபார்த்துக் கொடுத்தார். இருபது காசு பரிசாக நீட்டப்பட்டபோது மறுத்தார். பத்து, ஐந்து என்று குறைத்தபோதும் மறுத்தார். கடைசியில் வற்புறுத்தலுக்கு இணங்கி வாங்கியதை அப்படியே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

கருவிக்குச் செலவழித்து, அலையில் அடிபட்டுத் தேடியவருக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். உழைப்புக்குக் கூலி உண்டு, பரிசு வாங்குவதிலும் தவறில்லை. ‘தி ரிங் ஃபைண்டர்ஸ்’ என்ற அமைப்பின் பட்டியலில் உள்ள டிடெக்டர்காரர்கள் பலர், மோதிரம் தொலைத்தவர் விரும்பித் தரும் தொகைக்குத் தேடிக் கொடுக்கிறார்கள். ஆனால் உழைப்பு கூலியைத்தான் ஈட்டும், மோதிரத்தை அல்ல. 2015-இல் 1715 கப்பல் சிதைவில் முறைப்படி ஒப்பந்தம் பெற்றுத் தேடியவர்கள் 101 தங்க நாணயங்களை எடுத்தார்கள். கணக்கில் காட்டியது 51. மறைத்த ஐம்பதில் 37 நாணயங்களைப் புளோரிடா அதிகாரிகள் 2024-இல் மீட்டார்கள். முந்நூறு ஆண்டுக்கு முன் தொலைந்ததிலும் களவு நடக்க முடிகிறது என்றால், உரிமை அதற்குள் கடலில் கரைந்துவிடவில்லை என்றுதான் பொருள்.

சிதறிய சில்லறைக்கும் அடையாளமற்ற சங்கிலிக்கும் பழைய விதியே போதும். யாராலும் உரிமை நிரூபிக்க முடியாது. மோதிரம் அப்படியல்ல. உட்புறத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தங்கத்தின் தர முத்திரைக்குப் பக்கத்தில் பெயரும் கல்யாணத் தேதியும் பொறித்திருக்கலாம். அமெரிக்க மாணவர்கள் அணியும் பள்ளி மோதிரத்தில் பள்ளியின் பெயர், தேர்ச்சி ஆண்டு, பல சமயம் உரியவரின் முதலெழுத்துகளும் இருக்கும். அந்தப் பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பே ஆளைக் காட்டிவிடும். தொலைந்த பொருளைக் கண்டவர் போலீஸிடம் தெரிவிக்க வேண்டும் என்று புளோரிடாவின் சட்டமும் சொல்கிறது. 90 நாளில் யாரும் உரிமை கோராவிட்டால்தான் கண்டெடுத்தவர் கேட்டு வாங்க முடியும். கருவியோடு மணல் அள்ளும் ஸ்கூப்பும் ஹெட்போனும் வாங்குகிறவர்கள், ஒரு லென்ஸையும் நோட்டுப் புத்தகத்தையும் அந்தப் பையிலேயே சேர்த்து வைக்கலாம். எந்தக் கரையில், எந்தத் தேதியில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிவைத்தால், உரிமை கோரி வருபவரிடம் அந்த மிலான் ஏழையைப் போலக் கேள்வி கேட்டுச் சரிபார்க்க முடியும்.