நாயகனிடம் நாம் பெறுவது எது?

2024-ஆம் ஆண்டில் அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சோழர்களின் கடற்படைப் பெருமை அப்போது நினைவுகூரப்பட்டது. 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற இடங்களைப் பட்டியலிடும் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' என்ற பெயரும் இருக்கிறது. அது இன்றைய நிக்கோபார் தீவுகள் என்பர் அறிஞர்.

அலைகடலைக் கடந்த அம்மன்னனின் உள்ளத்தில் நின்ற நாயகன் யார்? திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பகீரதனைச் சுட்டுகின்றன. பகீரதன் தவத்தால் கங்கையைக் கொணர்ந்தான். இராஜேந்திரனோ அவனைக் கண்டு நகைத்து, தன் தோள்வலியால் கங்கை நீரைக் கொணர விரும்பினான் என்று அவை புகழ்கின்றன.

புராண நாயகனைப் பின்பற்றுவதும் அவனை விஞ்ச நினைப்பதும் மன்னர்களின் இயல்பு போலும்! கிரேக்க உலகிலும் இதைக் காண்கிறோம். மாவீரன் அலெக்சாண்டர் தன்னைத் தாய்வழியில் அக்கிலீஸின் வழித்தோன்றலாகக் கருதினான். அக்கிலீஸின் வீரத்தைப் பாடும் இலியட் காவியத்தைத் தலையணையின்கீழ் வைத்து உறங்கினான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கி.மு. 334-இல் ஆசியாவில் கால் வைத்ததும் டிராய் சென்று, அந்நாயகனின் கல்லறைக்கு மாலை சூட்டினான்.

ஆனால் அக்கிலீஸிடம் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, நண்பர்களையும் அழிவுக்குள்ளாக்கிய கடுஞ்சினம். மற்றொன்று, காவியத்தின் முடிவில் மலரும் கருணை. தன் பகைவனான ஹெக்டரின் உடலை, முதிய தந்தையின் கண்ணீர் கண்டு உருகித் திருப்பித் தருகிறான் அக்கிலீஸ்.

அலெக்சாண்டரிடம் இரண்டுமே வெளிப்பட்டன. கி.மு. 333-இல் சிறைப்பட்ட பாரசீக மன்னன் தாரியசின் தாயையும் மனைவியையும் அவன் மரியாதையுடன் நடத்தினான். கி.மு. 328-இலோ, போர்க்களத்தில் தன் உயிரைக் காத்த கிளைட்டஸை மதுமயக்கத்தில் சினந்து ஈட்டியால் கொன்றான். பின்னர் கதறி அழுதான். போன உயிர் திரும்பவில்லை.

நாயகன் ஒருவனே, அவனிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் நம்மைத் தீர்மானிக்கிறது. சினத்தை எடுப்பது எளிது, அதற்கு முயற்சி வேண்டாம். கருணைக்கோ தன்னை வெல்ல வேண்டும்.

பகீரதனின் கதையையும் இவ்வாறே நோக்கலாம். அவன் புகழுக்காகத் தவம் செய்யவில்லை. சாம்பலாகிப்போன முன்னோர் நற்கதி பெறவே வருந்தினான். அந்தப் பிறர்நலமே அவனது பெருமை. தோள்வலியைக் கொண்டு அதை விஞ்சிவிட முடியுமா?

எனினும் இராஜேந்திரன் ஒரு நன்மையை விட்டுச் சென்றான். கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டுவித்தான். செப்பேடுகள் அதை நீராலான வெற்றித் தூண் என்கின்றன. மண்ணால் நிரம்பிச் சுருங்கினும், பொன்னேரி என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. வென்ற நாடுகள் அவன் மரபினர் கையில் நிலைக்கவில்லை. பிறருக்குப் பயன்பட்ட நீர்நிலையின் பெயர் நிலைத்தது.

நாமும் மகான்களின் படங்களை வீட்டில் வைக்கிறோம். அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். அவர்களின் புகழையா விரும்புகிறோம், தவத்தையா? இக்கேள்வியை நாள்தோறும் நம்மிடமே கேட்போம்.